லைவ் டிரான்ஸ்கிரைப்: காது கேக்காதவ கையில, தமிழ்ல, எப்படி ஓடுது

முதல்லயே சொல்லிடறேன், இது காசு குடுத்து வாங்குற சாமான் இல்ல. கூகுளோட லைவ் டிரான்ஸ்கிரைப், ஆண்ட்ராய்ட் போன்ல ஃப்ரீயா கிடைக்கிற ஆப். எதிர்ல இருக்கறவங்க பேசப் பேச அவங்க பேச்சு திரையில எழுத்தா ஓடும், அவ்வளவுதான் வேலை. ஹியரிங் எய்ட் கடையில விலையக் கேட்டு தலை சுத்தி வெளிய வந்த பலபேர் இதைப் பத்தி கேள்விப்பட்டுட்டு "அப்ப இது இருந்தா மிஷினே வேண்டாமில்லீங்க?"னு கேக்கறாங்க. வேணுங்க. மிஷினும் வேணும், இதுவும் வேணும். ரெண்டும் வேற வேற வேலை செய்யுது, அதை சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

என் கதை சுருக்கமா. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். இடது காது சுத்தமா இல்ல, வலது காதுல மிஷின். நம்ம ஊர் சட்டத்துல, அதாவது 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துல, ரெண்டு காதுலயும் 70 டெசிபல் (சத்தத்தை அளக்குற அலகு) இழப்புன்னா காது கேளாதவர், 60லேர்ந்து 70 வரைக்கும்னா காது மந்தம்னு கணக்கு. 55ல நிக்கறவங்களுக்கு கார்டும் கிடையாது, சலுகையும் கிடையாது, ஆனா நாலு பேர் சேந்து பேசுனா அவங்களுக்கும் ஒண்ணும் புரியாது, அது தனிக் கூத்து. நரம்பு சம்பந்தப்பட்ட காது கோளாறுல சத்தம் குறையறது பாதிப் பிரச்சினைதான், மீதிப் பாதி தெளிவு போயிடறது. ஆ, ஈ, ஓ எல்லாம் காதுல விழும், ச்சும் த்தும் க்கும் விழாது. மிஷின் சத்தத்தை ஏத்திக் குடுக்கும், காணாமப் போன எழுத்தை கொண்டாந்து குடுக்காது. அதனால எங்கள மாதிரி ஆளுங்க பாதி காதுல கேட்டு மீதிய எதிராளி உதட்டுல படிப்போம். அதுலயும் பாலாவும் மாலாவும் உதட்டுல ஒண்ணுதான், பணமும் மணமும் ஒண்ணுதான், க, ங எல்லாம் தொண்டைகிட்ட உள்ளயே நடக்குறதால வெளிய தெரியவே தெரியாது. ஊகம்தான், நாள் பூரா ஊகம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா காது வலிக்காது, மூளை வலிக்கும்.

2020ல எல்லாரும் மாஸ்க் போட்டாங்க பாருங்க, அன்னிக்கு என் உதட்டுப் படிப்பு மொத்தமும் போச்சு. காய்கறிக் கடைக்காரர்லேர்ந்து டாக்டர் வரைக்கும் துணிக்குப் பின்னாடி முணுமுணுக்கறாங்க, நான் தலையாட்டிட்டு வரேன். அப்ப பிடிச்சதுதான் இந்த ஆப்.

இதை யார் பண்ணாங்கன்னு தெரிஞ்சா ஏன் இது மத்த ஆப் மாதிரி இல்லன்னு புரியும். கூகுள்ல டிமிட்ரி கனெவ்ஸ்கினு ஒரு ஆராய்ச்சியாளர், கணக்குப் படிச்சவர், பேச்சை எழுத்தாக்குற துறையில பல வருஷம் வேலை பாத்தவர், அவருக்கே சின்ன வயசுலேர்ந்து காது கேக்காது. ஆபீஸ் மீட்டிங்குக்கு அவர் கார்ட்ங்கிற சர்வீஸ் வச்சிருந்தார். அது என்னன்னா, ஒரு ஆள் எங்கயோ உக்காந்து மீட்டிங்கை கேட்டு, ஸ்டெனோ மிஷின்ல டைப் அடிச்சு உடனுக்குடன் திரைக்கு அனுப்புவாங்க. கோர்ட்டுல சாட்சி சொல்றதை அப்படியே பதியுற அதே மிஷின், ஒவ்வொரு எழுத்தா அடிக்காம பல கட்டையை ஒரே நேரத்துல அமுக்கி ஒரு அசையவே ஒரே அடியில போட்டுருவாங்க. அமெரிக்காவுல கோர்ட் ரிப்போர்ட்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கணும்னா நிமிஷத்துக்கு 225 வார்த்தை வேகத்துல பரீட்சை இருக்கு, யோசிச்சுப் பாருங்க. டிவியில நேரடி நிகழ்ச்சிக்கு இப்படி கேப்ஷன், அதாவது பேச்சை திரையில எழுத்தா, போடுறதை அவங்க 1982லயே ஆரம்பிச்சுட்டாங்க. தரம் அருமையா இருக்கும், ஆனா ஆளை முன்கூட்டியே புக் பண்ணணும், மணிக்கணக்குல காசு. டீக்கடையில ஒருத்தர் திடீர்னு பேச்சுக் குடுத்தா அதுக்கு யாரை புக் பண்றது? இதைப் பாத்துட்டு அவர் கூட வேலை பாத்த செட் நெகிங்கிற இஞ்சினியர் போன்லயே ஓடுற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுத்திருக்கார். வாஷிங்டன்ல காது கேளாதவங்களுக்குன்னே 1864லேர்ந்து நடக்குற கேலடெட் யுனிவர்சிட்டிகூட சேந்து அதை சோதிச்சு, 2019 பிப்ரவரியில வெளிய விட்டாங்க. அப்பவே 70 மொழிக்கு மேல இருந்துச்சு.

தேவைப்பட்டவரே கூட இருந்து பண்ணதுங்கறது சின்னச் சின்ன விஷயத்துல தெரியுது. உதாரணத்துக்கு திரை மூலையில ஒரு வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம் இருக்கும். உள் வட்டம் சுத்துப்பட்ட இரைச்சல், வெளி வட்டம் பேசுறவங்க குரல். வெளி வட்டம் உள் வட்டத்தை விட நல்லா பெருசா விரிஞ்சா எழுத்து ஒழுங்கா வரும், ரெண்டும் ஒட்டிக்கிட்டு நின்னா வர்றதெல்லாம் குப்பை. காது கேக்கறவங்களுக்கு இது எதுக்குன்னே தோணாது. எனக்கு இது பெரிய உபகாரம், ஏன்னா இந்த இடம் இரைச்சலா இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதே மாதிரி, கொஞ்ச நேரம் யாரும் பேசாம இருந்துட்டு திரும்ப யாராவது ஆரம்பிச்சா போன் அதிரும். நம்ம பேரைச் சொன்னா அதிர்ற மாதிரியும் வச்சுக்கலாம். யாரோ நம்மள கூப்பிட்டு, நாம திரும்பாம போயி, "திமிரு பாரு"னு பேர் வாங்குன அனுபவம் உள்ளவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

இப்ப உண்மையான விமர்சனம். எல்லாரும் ஆப் நல்லா இருக்கா இல்லையான்னுதான் கேக்கறாங்க, மைக் எங்க இருக்குன்னு யாரும் கேக்கறதில்ல. தூரம் ரெண்டு மடங்கு ஆனா குரல் 6 டெசிபல் விழுந்துரும், இது பிஸிக்ஸ், யாரும் மாத்த முடியாது. வாய்க்கிட்ட 30 சென்டிமீட்டர்ல இருக்குற போனையே 3 மீட்டர் தள்ளி வச்சா 20 டெசிபல் போச்சு, ஃபேன் சத்தமும் வெளிய போற பஸ் சத்தமும் மட்டும் அப்படியே நிக்கும். பலபேர் போனை தன் மடியில வச்சுக்கிட்டு டேபிளுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவர் பேசுறதை எடுக்கும்னு நெனைக்கறாங்க, வராது. போனை எதிராளி பக்கம் தள்ளி வைங்க, மைக் இருக்குற கீழ் ஓரம் அவங்களைப் பாத்து இருக்கட்டும். அதை விட உருப்படியான வழி, இந்த ரீல்ஸ் எடுக்குற பசங்க சட்டையில மாட்டிக்கறாங்களே காலர் மைக், போன்ல சின்னதா ஒரு ரிசீவர் சொருகுற வகை, அதை வாங்கிருங்க. ஆயிரத்து சொச்ச ரூபாயிலயே கிடைக்குது. லைவ் டிரான்ஸ்கிரைப் செட்டிங்ஸ்ல வெளி மைக்கை தேர்ந்தெடுக்க வழி இருக்கு. என் கையில இந்த ஆப் பொம்மையா இருந்து கருவியா மாறுனது அந்த மைக் வந்த பிறகுதான். ஹியரிங் எய்ட் கம்பெனிக்காரங்க இதே வேலைக்கு தனியா ரிமோட் மைக்னு விக்கறாங்க, விலையை கேட்டா மறுபடியும் தலை சுத்தும்.

தமிழ் எப்படி வருதுன்னுதான் நீங்க காத்துட்டிருப்பீங்க. இங்க ஒண்ணு சொல்லிட்டு ஆரம்பிக்கறேன், நான் ஒரே ஆப்பை மட்டும் வச்சு பேசல, தமிழ்ல பேச்சை எழுத்தாக்குற பலதையும் உருட்டிப் பாத்திருக்கேன், கீழ வர்ற குறையெல்லாம் இந்த டெக்னாலஜி தமிழ்ல பொதுவா தடுமாறுற இடம்னு எடுத்துக்கங்க.

நிதானமா, ஓரளவு நியூஸ் வாசிக்கற நடையில பேசுனா அசத்தும். வாத்தியார்ங்க, வக்கீலுங்க, எல்ஐசி ஏஜெண்டுங்க பேச்செல்லாம் நல்லா வரும். வீட்டுப் பேச்சுதான் ரோதனை. நாம எழுதறது ஒண்ணு பேசறது ஒண்ணு, "வந்துட்டிருக்கேன்"னு சொன்னா சில சமயம் அப்படியே வரும், சில சமயம் "வந்து கொண்டிருக்கிறேன்"னு மரியாதையா மாறி வரும், சில சமயம் "வந்து இருக்கேன்"னு வரும், இதுல கடைசி ஒண்ணு அர்த்தத்தையே மாத்திருது பாருங்க. எங்க கொங்குப் பக்கத்து இழுவை வேற. எங்க பெரியம்மா "நோம்பிக்கு வந்துட்டுப் போ சாமி"ன்னா அந்த நோம்பி, அதான் பண்டிகை, என்னவா வரும்னு ஒவ்வொரு தடவையும் ஒரு சஸ்பென்ஸ்.

ஆனா அதெல்லாம் சிரிச்சுட்டு போயிடலாம். பயப்பட வேண்டியது எங்கன்னா வார்த்தையோட வால்ல. தமிழ்ல ஆமா இல்லங்கறது மொத்தமும் வினைச்சொல் கடைசியில ஒட்டிக்கிட்டு இருக்கு. "வரல"ன்னா வரவில்லை, "வரலாம்"னா வரலாம். பேச்சுல அந்த கடைசி ம்மை யாரு முழுசா சொல்றா, மூக்கால ஒரு இழுப்பு இழுத்துட்டு விட்டுருவாங்க. "போடல", "போடலாம்". "குடுக்கல", "குடுக்கலாம்". "வேணும்", "வேணாம்". இரைச்சல்ல அந்த வால் அறுந்துச்சுன்னா திரையில நேர் எதிரா வந்து நிக்கும், அதுவும் சுத்தமான எழுத்துல, தப்புங்கற அடையாளமே இல்லாம. காதால தப்பா கேட்டா "சரியா கேக்கல"ங்கற சந்தேகம் நமக்குள்ளயே இருக்கும். எழுத்துல பாத்தா நம்பிருவோம். அதனால பணம், மருந்து, தேதி இந்த மூணுலயும் நான் திரையை மட்டும் நம்புறதில்ல, "நிறுத்தச் சொல்றீங்களா, தொடரச் சொல்றீங்களா"ன்னு திருப்பிக் கேட்டு ஒரு வார்த்தையில பதில் வாங்கிருவேன். நம்பர் கதையும் இதேதான். "இருபத்தஞ்சாயிரத்து முந்நூத்தி அம்பது"ன்னு ஒரே மூச்சுல சொன்னா அது 20ன்னு ஒரு துண்டு 5000னு ஒரு துண்டா ஒடஞ்சு வரலாம். கணக்குப் பாக்கற எனக்கு அது சரிப்படாது, பேப்பர்ல எழுதி காட்டச் சொல்லிருவேன்.

இங்கிலீஷ் கலப்பு பத்தி. நம்ம பேச்சுல பாதி இங்கிலீஷ், எங்க கம்பெனியில முக்காலே மூணு வீசம் இங்கிலீஷ். "டையிங்லேர்ந்து டிசி வந்துச்சா, காம்பாக்டிங் பில்லு என்ட்ரி போட்டாச்சா" இதான் எங்க தமிழ். ஜிஎஸ்டி, பில், பேங்க் மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை ஒழுங்கா வந்துரும். தொழில் வார்த்தைதான் மாட்டும். இதுக்கு லைவ் டிரான்ஸ்கிரைப்ல நம்ம வார்த்தையை சேத்து வச்சுக்கற வசதி இருக்கு, ஆளுங்க பேரு, பார்ட்டி பேரு, கம்பெனி பேரெல்லாம் உக்காந்து ஏத்தி வச்சீங்கன்னா பலன் தெரியும், அந்த அரை மணி நேரத்தை சோம்பேறித்தனப்படாம செலவு பண்ணுங்க. ரெண்டு மொழி வச்சுக்கலாம், கீழ ஒரு தட்டுல தமிழ்லேர்ந்து இங்கிலீஷுக்கு மாத்தலாம், ஆனா தட்டுறது நாமதான், அதுவா தாவாது. முழுக்க இங்கிலீஷ்ல ஓடுற மீட்டிங்னா மாத்திருங்க, கலப்படம்னா தமிழ்லயே விட்டுருங்க, இது என் முடிவு.

ஒரு ஆறுதல். நிறுத்தற்குறி சரியா வராதுன்னு இங்கிலீஷ்காரங்க புலம்புறதை படிச்சிருக்கேன், கேள்வியா பதிலான்னு தெரியலயாம். நமக்கு அந்தக் கஷ்டம் அவ்வளவு இல்ல. "வந்துட்டாரா"ன்னு வந்தா அந்த ஆ-வே கேள்விக்குறி. ஆனா யார் கேட்டா யார் பதில் சொன்னாங்கறது தெரியாது, எல்லார் பேச்சும் ஒரே பத்தியா வழிஞ்சு போகும். ரெண்டு பேர்னா சமாளிக்கலாம். எங்க வீட்டு கூடத்துல அண்ணன், அண்ணி, அத்தை, ரெண்டு வாண்டு, டிவி எல்லாம் சேந்து ஓடுறப்ப அந்தத் திரையைப் பாத்தா பைத்தியக்காரன் டைரி மாதிரி இருக்கும். கல்யாண மண்டபத்துல வெளிய எடுக்கவே எடுக்காதீங்க, நாதஸ்வரமும் மேளமும் போடுற போட்டியில அந்த வட்டம் ரெண்டும் ஒட்டிக்கிட்டே நிக்கும். "இசை"ன்னு மட்டும் வேணா எழுதிக் காட்டும். ஆமா, கைத்தட்டல், சிரிப்பு, நாய் குரைக்கறது, பாட்டு இதெல்லாம் என்ன சத்தம்னு கீழ ஒரு ஓரத்துல போடும், அது 2019ல சேத்தது. பாதி நேரம் வேடிக்கைதான், ஆனா பக்கத்துல எல்லாரும் சிரிக்கறப்ப நாம மட்டும் போனையே பாத்துட்டு உக்காந்திருக்கறதை இது தடுக்கும்.

இது எங்க ஜொலிக்குதுன்னா, மூடின ரூம், ஒருத்தர், ஒரு டேபிள். டாக்டர் ரூம் அப்படியே இதுக்காக செஞ்ச மாதிரி. முன்னெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அண்ணனை கூட்டிட்டு போவேன், டாக்டர் என்னைப் பாக்காம அண்ணன்கிட்டயே பேசுவார், "அவங்களுக்கு தூக்கம் வருதா"ன்னு என்னைப் பத்தி அவன்கிட்ட கேப்பார், நாப்பது வயசுப் பொம்பளை குழந்தை மாதிரி பக்கத்துல உக்காந்திருப்பேன். இப்ப தனியாப் போறேன். போனை அவர் பக்கம் வச்சுட்டு, "நீங்க பேசுறது இதுல எழுத்தா வரும், கொஞ்சம் நிதானமா பேசுங்க டாக்டர்"னு சொல்லிருவேன். பேசி முடிச்சதும் அந்த எழுத்தை காப்பி பண்ணி வச்சுக்கலாம், 3 நாள் வரைக்கும் போன்லயே வச்சிருக்கற மாதிரியும் செட் பண்ணலாம். வீட்டுக்கு வந்து எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடின்னு மேல தள்ளிப் பாத்துக்கலாம். காது நல்லா கேக்கறவங்களுக்கே இது கிடைக்காத வசதி.

கவுண்டர்ல, அதான் கண்ணாடிக்குப் பின்னாடி ஆள் உக்காந்திருக்கற இடத்துல, பாதிக்குப் பாதி. ஸ்பீக்கர் வச்ச கவுண்டர்னா அந்த ஸ்பீக்கர்கிட்ட போனை கொண்டு போனா நல்லாவே வருது. பிரச்சினை வேற, போனை நீட்டுனதும் "என்ன ரெகார்ட் பண்றீங்களா?"ன்னு முகம் மாறிரும். ஒரு பேங்க்ல ஒருத்தர் வாயையே மூடிக்கிட்டார், மேனேஜர் வந்துதான் பேசுனார். கூகுள் சொல்றபடி பேச்சோட ஆடியோவை சேத்து வைக்கறதில்ல, எழுத்தாக்கிட்டு விட்டுருது, ஆனா இதை கவுண்டர்ல நின்னு விளக்க முடியுமா. அதனால ஆப்லயே கீபோர்ட் இருக்கு, அதுல முதல்லயே பெரிய எழுத்துல "எனக்கு காது கேக்காதுங்க. நீங்க பேசுறது இங்க எழுத்தா தெரியும். உங்க குரல் பதிவு ஆகாது"ன்னு டைப் பண்ணிக் காட்டிட்டு அப்புறம்தான் ஆரம்பிக்கறேன். தொண்ணூறு பங்கு பேர் உடனே சகஜமாயிடறாங்க. இதுல ஒரு தமாஷ், எழுத்து வர்றதைப் பாத்ததும் ஆளுங்க தானா மாறிடறாங்க. தான் சொன்னது தப்பா வந்தா "இல்லல்ல, அப்படி சொல்லல"ன்னு நிறுத்தி திருத்தமா திரும்பச் சொல்வாங்க. கத்தி பேசறவங்க கத்தறதை விட்டுருவாங்க. பல வருஷமா "கொஞ்சம் தெளிவா பேசுங்க"ன்னு நான் கெஞ்சுனது நடக்கல, திரை அதை நடத்திக் காட்டுது. அதனாலதான் நான் திரையை எனக்கு மட்டும் தெரியற மாதிரி வைக்கறதில்ல, ரெண்டு பேருக்கும் நடுவுல, அவங்களும் பாக்கற மாதிரி வைப்பேன். கேக்கறதுக்கு நான் படுற பாட்டுல கொஞ்சம் சொல்றவங்களும் படட்டும், அதுல தப்பில்ல.

வீட்டாளுங்கதான் கடைசியா மசிவாங்க. வெளியாளு மைக்கை சட்டையில மாட்டிக்குவான், சொந்த அண்ணன் "எங்கிட்டயுமா?"ன்னு கேப்பான். போனை எடுத்தா "பேசுறப்ப போனை நோண்டாத"ன்னு அத்தை திட்டும். இன்னும் ஒருத்தர், பேர் வேண்டாம், மைக்கை மாட்டிக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயி என்னைப் பத்தியே புறணி பேசுனாங்க, நான் கூடத்துல உக்காந்து படிச்சுட்டிருந்தேன். இந்த ஆப்புக்கு அஞ்சுக்கு ஆறு மார்க் குடுத்த தருணம் அதுதான்.

டெய்லருங்க உக்காந்திருக்கற தளத்துல, ஓவர்லாக் மிஷின் வரிசையா ஓடுற இடத்துல, சும்மா போன்ல வச்சு ஒண்ணும் ஆகாது. கட்டிங் மாஸ்டர் காலர்ல மைக் மாட்டுனா முக்கால்வாசி வருது. அதுக்கும் மேல எதிர்பாக்காதீங்க.

நெட் விஷயம். பேச்சு கூகுள் சர்வருக்குப் போயி எழுத்தாகித் திரும்புது, அதனால சிக்னல் இல்லாத ஆஸ்பத்திரி பேஸ்மெண்ட்ல, எக்ஸ்ரே ரூம் பக்கத்துல எல்லாம் திக்கும். நெட் இல்லாம போன்லயே ஓடுற முறையும் வந்துருக்கு, ஆனா அது எல்லா போனுக்கும் எல்லா மொழிக்கும் கிடையாது, உங்க போன்ல மொழி லிஸ்ட்டை திறந்து தமிழுக்கு டவுன்லோட் காட்டுதான்னு பாத்துக்கங்க. டேட்டா பயப்பட வேண்டாம், யாரும் பேசாத நேரம் போன்லயே அதைக் கண்டுபிடிச்சு அனுப்புறதை நிறுத்திக்கற மாதிரிதான் இதை வடிவமைச்சிருக்காங்க. பேட்டரி மட்டும் குடிக்கும், திரை பூரா நேரமும் எரியுதில்ல. வெள்ளை எழுத்து கறுப்பு பின்னணி வச்சுக்கங்க.

போன் கால்ல இது வேலை செய்யுமான்னு கேப்பீங்க. அதே போன்ல செய்யாது, கால் ஓடுறப்ப இன்னொரு ஆப் மைக்கை எடுத்துக்க ஆண்ட்ராய்ட் விடாது. கால் ஒரு போன்ல ஸ்பீக்கர்ல, லைவ் டிரான்ஸ்கிரைப் பழைய போன் ஒண்ணுல, பக்கத்துல பக்கத்துல. 2019ல வந்தப்ப ஆண்ட்ராய்ட் 5 இருந்தாலே ஓடுச்சு, இப்ப உங்க டிராயர்ல தூங்குற பழைய போன்ல ஆப் ஏறுதான்னு முதல்ல பாத்துக்கங்க. வாட்ஸப் வாய்ஸ் மெசேஜுக்கும் இதே டெக்னிக். சொந்தக்காரங்களுக்கு டைப் அடிக்க சொன்னா அஞ்சு நிமிஷ வாய்ஸ் அனுப்புவாங்க, என்ன பண்றது. கால், வீடியோவுக்குன்னு கூகுள் தனியா லைவ் கேப்ஷன்னு ஒண்ணு வச்சிருக்கு, 2019 கடைசியில கூகுளோட பிக்சல் போன்ல வந்தது, அது இங்கிலீஷ்லதான் ஆரம்பிச்சது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஐபோன்காரங்களுக்கு லைவ் டிரான்ஸ்கிரைப் கிடையாது, ஆப்பிளோட லைவ் கேப்ஷன்ஸ் 2022ல வந்தப்ப இங்கிலீஷ் மட்டும்தான். நம்ம தமிழுக்குன்னா இந்த ஆப் ஏறுற ஒரு செகண்ட் ஹேண்ட் ஆண்ட்ராய்ட் வாங்கிக்கறது உத்தமம்.

ஒரு போனஸ் இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்ல. சவுண்ட் நோட்டிஃபிகேஷன், 2020ல வந்தது. காலிங் பெல், குழந்தை அழுகை, குழாய்ல தண்ணி ஓடுற சத்தம், ஸ்மோக் அலாரம் இதெல்லாம் கேட்டா போன் அதிர்ந்து கேமரா லைட்டை அடிக்கும். நம்ம வீட்டு சத்தத்தை நாமளே பதிஞ்சும் வைக்கலாம். நான் குக்கர் விசிலை பதிஞ்சு வச்சிருக்கேன். எத்தனை விசில்னு எண்ணாது, விசில் வந்துச்சுங்கறதை மட்டும் சொல்லும், பருப்பு தீயாம இருக்க அது போதும்.

காசு கேக்கற ஆப் ஒண்ணும் வாங்கிப் பாத்தேன், வருஷ சந்தா. மொழி லிஸ்ட்ல தமிழ் இருந்துச்சு, யார் பேசுறாங்கன்னு கலர் கலரா பிரிச்சுக் காட்டும்னு விளம்பரம். பிரிச்சுது, ஆனா எங்க அண்ணியையும் அத்தையையும் ஒரே ஆளாக்கிருச்சு, அதைக் கேட்டு ரெண்டு பேருக்கும் கோவம். சந்தாவை புதுப்பிக்கல. மூக்குக் கண்ணாடியில கேப்ஷன் ஓடுறது வேற வந்துட்டிருக்கு, எதிராளி முகத்தைப் பாத்துக்கிட்டே மூக்குக்கு முன்னாடி எழுத்தைப் படிக்கலாம். ஐடியா எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஏன்னா இந்த ஆப்போட தீராத குறையே நான் முகத்தைப் பாக்கறதா திரையைப் பாக்கறதாங்கறதுதான். எழுத்து பேச்சுக்கு ஒரு அடி பின்னாடி வருது, வந்த பிறகும் ஒரு வார்த்தை மாறி மாறித் திருத்திக்குது, கண்ணை எடுத்தா விட்டுப் போயிரும், அதுக்குள்ள எதிராளி கிண்டலா சொன்னாரா சீரியஸா சொன்னாராங்கற முகபாவம் போயிரும். ஆனா கண்ணாடிக்கும் எழுத்தாக்கறது இதே மாதிரி ஒரு சாஃப்ட்வேர்தான். தமிழ் எந்த அளவுக்கு வருதுன்னு கடையிலயே போட்டுப் பேசிப் பாக்காம அந்த விலையை எண்ணி வைக்காதீங்க.

அப்பா அம்மாவுக்கு இதைப் போட்டுக் குடுக்கப் போறவங்களுக்கு. எழுத்து சைஸை பெருசாக்குங்க, ஆனா உச்சத்துக்கு கொண்டு போயிடாதீங்க. தமிழ் வார்த்தை நீளம், "சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க"ன்னு ஒண்ணு வந்தா உச்ச சைஸ்ல ஒரு வரியே போயிரும், மூணு வரி பாக்கறதுக்குள்ள மேல ஓடிரும். போனை படுக்க வச்ச மாதிரி திருப்பிட்டா இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆப்பை மெனுவுக்குள்ள தேட விடாதீங்க, அக்சசிபிலிட்டி செட்டிங்ஸ்ல ஷார்ட்கட் போட்டு ஒரே தட்டுல திறக்கற மாதிரி பண்ணிட்டு வாங்க. தமிழ் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு இது ஆகாது, அவங்களுக்கு அந்தக் காசையும் நேரத்தையும் நல்ல ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேக்குற அளவை சோதிக்கற நிபுணர்கிட்ட மிஷினை சரியா செட் பண்றதுல போடுங்க. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு முதல் நாளே டிவி முன்னாடி வச்சு காட்டாதீங்க, சீரியல் பின்னணி இசையில கண்ட மாதிரி வந்து "இது வேலைக்காகாது"ன்னு தூக்கிப் போட்டுருவாங்க. ஃபேனை நிறுத்திட்டு, எதிர்ல உக்காந்து, அவங்களுக்குப் பிடிச்ச பேரன் பேத்தி யாரையாவது பேச விடுங்க.